சோறும் சொல்லும் திரையும்: வடசென்னையின் பிள்ளைப் பருவங்கள்

யானைகவுனி, தங்கசாலை, ஏழுகிணறு தொடங்கி இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் நிலம்தான் வடசென்னை. இதில் திருவொற்றியூர் மட்டும் சென்னைப் பட்டினத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. தேவார மூவரும் பாடிய தலம் அது. பட்டினத்தார் சமாதி அதன் கடற்கரையில் இருக்கிறது. கம்பர் இராமாயணம் எழுதிய இரவுகளில் அந்தக் கோயிலின் வட்டப்பாறை அம்மன் தீப்பந்தம் பிடித்ததாகவும் ஒரு கதை உண்டு. மற்ற பேட்டைகளெல்லாம் கம்பெனியாரின் கோட்டைக்கு வடக்கே நெசவுக்கும் படகுக்கும் பாரம் தூக்கவும் ஆள் தேவைப்பட்டபோது உருவானவை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அதன் பிறகு பின்னி ஆலைகள் வந்தன, துறைமுகம் வந்தது. நாடு விடுதலையாகும் தறுவாயிலும் அதற்குப் பிறகும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பிள்ளைகள் விளையாடும் பலூன் செய்யத்தான் தொடங்கியது.

இந்த நிலத்தில் வளர்ந்தவர்களுக்கும் பிள்ளையாக வந்து ஒதுங்கியவர்களுக்கும் எழுத்தின் மீதோ சமையலின் மீதோ நடிப்பின் மீதோ பற்று எப்படி வந்தது என்று பார்த்தால், பள்ளிக்கூடத்துக்கு அதில் பங்கு குறைவு; பசிக்குப் பங்கு அதிகம்.

இதற்கு மிகப் பழைய சான்று இராமலிங்க அடிகள். 1823இல் சிதம்பரத்துக்கு அருகில் மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட, குடும்பம் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியேறியது. அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து சம்பாதித்த பணத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. தம்பியும் படித்து அதே தொழிலுக்கு வர வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. பையனோ பாடம் கேட்கப் போகாமல் கந்தகோட்டத்தில் போய் நின்று பாடிக்கொண்டிருந்தான். ஆசிரியராக வாய்த்த காஞ்சிபுரம் சபாபதி முதலியாரும், இவனுக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று கைவிட்டார். கோபித்த அண்ணன், அவனுக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று உத்தரவு போட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவனுக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக வரச்சொல்லிச் சோறு போட்டார். வீட்டில் ஒரு திவசத்து நாளில், எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு கொழுந்தனுக்குப் பரிமாறும்போது அந்த அம்மாள் அழுதுவிட, அதன் பிறகுதான் பையன் மாடி அறையையும் ஒரு கண்ணாடியையும் விளக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே அமர்ந்தான் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள் சோமு செட்டியார் வீட்டில் சம்பந்தர் வரலாற்றைப் பிரசங்கம் செய்து கூட்டத்தை மலைக்க வைத்தபோது அவருக்கு வயது ஒன்பது என்பார்கள்.

திருவொற்றியூருக்கும் அவருக்கும் உறவு இதன் பிறகு தொடங்கி, சென்னையை விட்டுப் போகும் வரை நீடித்தது. ஏழுகிணற்றிலிருந்து நடந்தே போய், தியாகராசரையும் வடிவுடை அம்மனையும் வணங்கிவிட்டு இரவில் திரும்புவது வழக்கம். ஒரு நாள் நேரமாகிவிட்டது. வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. தட்டி எழுப்ப மனமில்லாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணி வந்து எழுப்பி இலையில் சோறு வைத்தார். சாப்பிட்டுத் தூங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் அண்ணி மறுபடி வந்து சாப்பிட அழைத்தார். முதலில் வந்தவர் வடிவுடை அம்மன் என்பது அடியார் நம்பிக்கை. நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். கதையில் அம்மன் வரமாக ஞானத்தைத் தரவில்லை, பொன்னைத் தரவில்லை, ஆறிப்போகாத சோற்றைத் தருகிறாள் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. வடிவுடை மாணிக்க மாலை, எழுத்தறியும் பெருமான் மாலை என்று அவர் இயற்றிய இளமைக் காலப் பாடல்களில் பெரும் பகுதி இந்தத் தலத்தின் மீதே இருக்கிறது.

1858இல் அவர் சென்னையை விட்டு வெளியேறிக் கருங்குழிக்குப் போனார். பாடல்களை அச்சிடத் தரச்சொல்லிச் சென்னையிலிருந்த இறுக்கம் இரத்தின முதலியார் பல முறை வேண்டியும் அவர் இசையவில்லை. பாடல்கள் கைக்கு வரும் வரை ஒரு வேளைதான் உண்பேன் என்று முதலியார் விரதம் பூண்டு எழுதிய பிறகே, 1860இல், மனம் இளகினார். வேறு எந்தக் கோரிக்கைக்கும் அசையாதவர் ஒருவர் பட்டினி கிடப்பதைப் பொறுக்கவில்லை. திருவருட்பா 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பில் வெளிவந்தது. அதே 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. 21 அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமான அந்த அடுப்பு அன்று முதல் அணையாமல் எரிகிறது. சீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவருடைய உரைநடை நூலில், பசி ஏற ஏற உடம்பிலும் புத்தியிலும் என்னென்ன நிகழும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பகுதி இருக்கிறது. மருத்துவர் எழுதும் குறிப்பைப் போன்ற அந்தத் துல்லியம் கேள்வி ஞானத்தால் வந்திருக்க வழியில்லை. கொல்லைப்புறத்தில் ஒளிந்து உண்ட பிள்ளைக்குத்தான் அது தெரியும்.

அடிகள் வாழ்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே அடுத்த தலைமுறைகளுக்கு எழுத்து வேறு வழியில் வந்தது. கொண்டித்தோப்பு வெங்கட்ராம தெருவில் பி. இரத்தின நாயகர் சன்ஸ் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை அச்சிட்டுத் தமிழ்நாடெங்கும் அனுப்பினார்கள். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை என்று மலிவுத் தாளில் பருத்த எழுத்தில் வந்த நூல்கள் அவை. படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை விளக்கடியில் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொல்லி வீடே கேட்கும். பெரிய எழுத்து என்பது கண் மங்கிய கிழவர்களுக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவர்களுக்கும் ஒரே நேரத்தில் உதவியது. இவற்றில் நல்லதங்காள் முழுக்க முழுக்கப் பசியின் கதை. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்கு அண்ணி மூளி அலங்காரி, பழங்கேழ்வரகும் ஓட்டைப் பானையும் எரியாத வாழைமட்டையும் கொடுத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தக் கொடுமையின் அளவு உடனே விளங்கியது. நாடகக்காரர்களும் பின்னால் சினிமாக்காரர்களும் இந்தக் கதையை விடாமல் எடுத்ததற்குக் காரணம் இதுவே.

நாடகம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடைக் கொட்டகை பல பத்தாண்டுகள் தமிழ் நாடகக் கம்பெனிகளின் சென்னை வீடாக விளங்கியது. சி. கன்னையா கம்பெனி மேடையில் உண்மையான யானையையும் குதிரையையும் கொண்டுவந்து நிறுத்திச் சென்னையை வாய்பிளக்க வைத்தது. சிறு பிள்ளையாக மேடையேறிய எஸ்.ஜி. கிட்டப்பா அந்தக் கம்பெனியில்தான் உச்சத்தைத் தொட்டார்.

பிள்ளைகளை மட்டுமே கொண்டு நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனி என்ற ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. வளர்ந்த நடிகர்கள் குடித்துவிட்டு வருவது, கூலி கேட்டுச் சண்டை போடுவது, திடீரென்று வேறு கம்பெனிக்குப் போய்விடுவது போன்ற தொல்லைகள் பையன்களிடம் இல்லை என்பதை முதலாளிகள் கண்டுகொண்டார்கள். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. டி.கே. சண்முகம் ஆறு வயதில் அதில் சேர்ந்தார். அந்தச் சிறுவனுக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் பேசப்படும் செய்தி. ஜெகந்நாத ஐயர் கம்பெனி, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்று பல கம்பெனிகள் ஊர் ஊராகப் போய், சென்னைக்கு வரும்போது வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தங்கின.

பிள்ளைகளைக் கம்பெனியில் விட்ட பெற்றோரில் கலை ஆர்வத்தால் விட்டவர்கள் சிலரே. மூன்று வேளை சோறு உத்தரவாதம் என்பதே பெரிய காரணம். கம்பெனி வீட்டில் எல்லாப் பையன்களும் சேர்ந்து உறங்கி, சேர்ந்து எழுந்து, வாத்தியார் சொல்லித்தரும் பாடத்தை மனப்பாடம் செய்து, இரவு முழுக்க ஆடிவிட்டுப் பகலில் ஒத்திகைக்கு நின்றார்கள். அடி உதை உண்டு. தப்பி ஓடுகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடைந்தால் நேற்று வரை ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ ஆடிய பையன் மறுநாள் கூட்டத்தில் வேல் பிடித்து நிற்க வேண்டும். அதுவும் கிடைக்காமல் வீட்டுக்குப் போக வேண்டியும் வரும். குழந்தை உழைப்பு என்று இன்றைய சட்டம் சொல்லும் எல்லா இலக்கணமும் அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தும். தமிழ்ச் சினிமாவின் முதல் மூன்று பத்தாண்டுகளைத் தாங்கிய நடிகர்களில் பெரும்பாலோர் அங்கிருந்துதான் வந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

இவர்கள் வாழ்க்கையில் சோறும் கூத்தும் பின்னிக் கிடப்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்த எம்.ஆர். ராதா, தாயார் இன்னொரு துண்டு மீன் போட மறுத்தார் என்று கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். மீன் வாசனையோடு வளர்ந்த எந்தச் சென்னைப் பிள்ளைக்கும் அந்தக் கோபத்தின் நியாயம் புரியும். என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவிலில் நாடகக் கொட்டகைக்குள் தின்பண்டம் விற்கும் பையனாக நுழைந்து, ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே மேடைக்கு ஏறினார். சிவாஜி கணேசன் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த மயக்கத்தில், தான் அநாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தவர். அந்தப் பிள்ளைப் பருவத்துக் கூத்துதான் 1959இல் வீரபாண்டிய கட்டபொம்மனாகத் திரைக்கு வந்தது.

எம்.ஜி.ஆர். கதை இதில் இன்னும் நீளம் போகிறது. 1917இல் இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, தாயோடு கும்பகோணம் வந்து, அண்ணன் சக்ரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர். சென்னையில் யானைகவுனிப் பக்கத்துக் குறுகிய வீடுகளிலிருந்து வாய்ப்புத் தேடி நடந்தவர். 1936இல் சதி லீலாவதியில் முதலில் தலைகாட்டினார். முதலமைச்சரான பிறகு 1982 ஜூலை 1 அன்று அவர் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்குச் சொன்ன காரணம் தாம் சிறு வயதில் பட்ட பட்டினி. இந்தத் திட்டத்துக்கு முன்னோடிகள் இருந்தார்கள். வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் சென்னை நகராட்சித் தலைவராக இருந்த 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார். காமராசர் 1956இல் அதை மாநிலம் முழுவதற்கும் விரித்தார். எம்.ஜி.ஆர். திட்டம் முதலில் கிராமங்களிலும், அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களிலும் நடைமுறைக்கு வந்தபோது வடசென்னைப் பள்ளிகளிலும் அடுப்பு எரிந்தது. அரசியல் கணக்கு அதில் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்கு மட்டும் இருந்திருந்தால் அவ்வளவு பெரிய செலவுக்கு அதிகாரிகள் காட்டிய தயக்கமே போதும், திட்டம் கோப்பிலேயே கிடந்திருக்கும்.

பசி எல்லாருக்கும் பொருந்தும் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் 1873இல் பிறந்த பம்மல் சம்பந்த முதலியார் வசதியான, படித்த குடும்பத்துப் பிள்ளை. தமிழ் நாடகத்தைச் சிறு வயதில் இழிவாகவே நினைத்தவர் என்று அவரே எழுதியிருக்கிறார். 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழு சென்னைக்கு வந்து ஆடிய தெலுங்கு நாடகத்தைப் பார்த்ததும் மனம் மாறி, சில மாதங்களுக்குள் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறினால் ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் இவரால் போனது. ஆனாலும் அவருடைய மனோகராவைப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கம்பெனிப் பையன்கள்தான்.

கொட்டகைகள் படிப்படியாகச் சினிமாவுக்கு மாறின. ரகுபதி வெங்கையா 1914இல் மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டியைக் கட்டியதோடு நிற்காமல், தங்கசாலையில் கிரவுன் தியேட்டரையும் எழுப்பினார். 1931 அக்டோபர் 31, தீபாவளி சமயத்தில், தமிழ் பேசிப் பாடிய முதல் படமான காளிதாஸ் வெளியானதும் பின்னாளில் முருகன் தியேட்டர் என்று பெயர் மாறிய கினிமா சென்ட்ரலில்தான். மில், துறைமுகம், ரயில்வே பட்டறை என்று ஷிஃப்ட் வேலைக்குப் போன குடும்பங்களுக்குச் செகண்ட் ஷோ வசதியாக இருந்தது. தரை டிக்கெட்டில் தாயின் மடியில் உறங்கியபடியே படம் பார்த்த பிள்ளைகளுக்கு இடைவேளையில் கிடைத்த முறுக்கும் கலர் சோடாவும் படத்தின் ஒரு பகுதி. வாசலில் சில காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் இன்னொரு பகுதி. கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிக்கும் அந்தச் சாணித்தாள் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் வாசிக்கப் பழகியவர்கள் ஏராளம். முடிவை அவரவரே கற்பனை செய்து நண்பர்களுக்குச் சொல்லும் பழக்கமும் அதில் வந்தது.

எழுத்தும் சினிமாவும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு ஜெயகாந்தன் சான்று. 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, 1946இல் சென்னைக்கு வந்த பையன். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களோடு உண்டு உறங்கி, அச்சகத்தில் வேலை பார்த்து, தெருவில் பத்திரிகை விற்றுத் தமிழ் கற்றார். பின்னாளில் தம் உன்னைப்போல் ஒருவன் கதையைத் தாமே இயக்கித் திரைப்படமாக்கினார். சேரிச் சிறுவன் ஒருவனை நடுவில் வைத்த அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. விநியோகஸ்தர்கள் அதைச் சீந்தவில்லை. சினிமாப் பித்துப் பிடித்த ஏழைப் பெண்ணைப் பற்றிச் சினிமாவுக்குப் போன சித்தாளு எழுதியவரும் அவரே. திரையின் மயக்கத்தையும் அதன் சேதத்தையும் ஒருசேர அறிந்தவர் தமிழில் அதிகம் இல்லை.

சமையல் கதை 1960களில் கடல் வழியாக வந்தது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் வாணிபமும் அரசுடைமையான பிறகு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. 1969இல் பீச் ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. பக்கத்து செகண்ட் லைன் பீச்சில் மாலையானால் அத்தோ வண்டிகள் வந்து நின்றன.

அத்தோ அடுப்பில் சமைப்பதைவிடக் கையில் பிசைவது. செம்மஞ்சள் நிற நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் உதிர்த்து, மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோசும் வெங்காயமும் போட்டு, பொரித்த பூண்டும் அதன் எண்ணெயும் விட்டு, புளித்தண்ணீர், உப்பு, வறுத்த மிளகாய்த் தூள் சேர்த்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டு விரல்களாலேயே கலக்குவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். வேகவைத்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயமும் பூண்டும் புளிக்கரைசலும் அடைத்துத் தருவது தனி. பர்மாவில் மீன் குழம்போடு உண்ணும் மொய்ங்காவின் ஒன்றுவிட்ட தம்பி அந்த சூப். இந்தத் தொழிலில் இறங்கியவர்களில் பலர் ரங்கூனில் சமையல்காரர்களாக இருந்தவர்கள் கிடையாது. தெருவோரம் நின்று தின்ற பிள்ளைப் பருவத்து ருசியை நினைவிலிருந்து எடுத்து, இங்கே கிடைத்த பண்டங்களைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். அவர்களுக்கு வெங்காயம் சீவிக் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் பர்மாவைப் பார்க்காமலே அந்த ருசியைப் பழகினார்கள். இப்போது வண்டியைத் தள்ளுவது அவர்களுக்கும் அடுத்த தலைமுறை. பர்மாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத வடசென்னைப் பிள்ளைகளுக்கும் அத்தோ இன்று சொந்த ஊர்ப் பண்டம்.

தண்டையார்பேட்டையில் 1967இல் திறந்த அகஸ்தியா தியேட்டர் இந்தப் பகுதியின் பெரிய திரையாக அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. அதில் தொழிலாளிகளின் வாழ்க்கை ஓடிய படங்கள் உண்டு. வடசென்னைக்காரன் என்றால் அடியாள் அல்லது கோமாளி என்று காட்டிய படங்கள் அவற்றைவிட அதிகம். அந்தப் பிள்ளைகள் தங்களையே அடையாளம் தெரியாமல் திரையில் பார்த்துக் கைதட்டினார்கள். பா. இரஞ்சித்தின் மெட்ராஸ் (2014), வெற்றிமாறனின் வட சென்னை (2018) ஆகியவை கால்பந்து, கேரம் என்று பேட்டைப் பிள்ளைகளின் நிஜமான மோகங்களைக் கதைக்குள் கொண்டுவந்தன. இருவரும் இந்தக் கடற்கரைப் பட்டையில் வளர்ந்தவர்கள் இல்லை. அடிதடியின் மீதான பழைய ஆசையும் முற்றிலும் போய்விடவில்லை. இரஞ்சித்தின் சார்பட்டா பரம்பரை நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையை எடுத்துக்கொண்டு, பிள்ளைப் பருவத்தில் பிடித்த குத்துச்சண்டைப் பித்தைத் தாய் எவ்வளவு தடுத்தும் விட முடியாத துறைமுகத் தொழிலாளி ஒருவனைக் கதாநாயகனாக்கியது. அந்தப் படம் கொரோனா காலத்தில், 2021 ஜூலையில், நேராக ஓ.டி.டி.யில் வெளியானது. அகஸ்தியா தியேட்டர் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டுவிட்டது. தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் தங்கள் தாத்தாக்களின் கதையைக் கைப்பேசியிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள்.